ஒரு சாவுக்கு ஒரு படகு

"பலகை விட்டிருக்கு மாமா. தார் அடைச்சுட்டு நாளன்னைக்குப் போகலாம்" என்று ஜோஜோ சொன்னதும், "நான் செத்தப்புறம் இது உன் படகுதானே, அப்ப அடைச்சுக்கோ" என்று ஃபீஃபி ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னதும், அக்காள் மகனைக் கரையிலேயே நிறுத்திவிட்டுக் கடலேறியதும் ஒரே மத்தியானத்துச் சங்கதி. அது திங்கட்கிழமை மத்தியானம்.

விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன் என்று மனைவி அரபாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். எசிக்குரோம் கரையில் திங்கட்கிழமை அப்படிச் சொல்லாமல் யாரும் படகேறுவதில்லை. செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள். அன்று அதன் வாசலில் போய் நிற்கக் கூடாது.

விளக்கு வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். ஃபீஃபி வரவில்லை.

செவ்வாய் விடிந்தும் விடியாத நேரத்தில் அரபாவின் கைபேசி அடித்தது.

"அரபா, எஞ்சின் போச்சு."

"எங்க இருக்கீங்க?"

"மேற்கால. கோட்டை விளக்குக்கும் அந்தாண்ட. பலகை விட்டுடுச்சு. ரெண்டு ஆளும் நானும் மாத்தி மாத்தித் தண்ணியை மொண்டு ஊத்தறோம். ஜோஜோகிட்ட சொல்லு…"

ஜோஜோவிடம் சொல்ல வேண்டியது என்ன என்பது வருவதற்குள் பேச்சு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை அழைத்தாலும், 'நீங்கள் அழைக்கும் நபர்' என்று ஆரம்பிக்கும் பெண் குரல்தான். அந்தப் பெண்ணிடம் பேரம் பேச முடியாது.

அரபாவிடம் விலை பேசி ஜெயித்தவர்கள் இந்தக் கரையில் இரண்டு பேர்தான். ஒருவர் செத்துப்போனார். இன்னொருவனை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மீன் கூடை கரையில் இறங்கும்போது அவள் சொல்வதுதான் அன்றைய விலை. மற்ற பெண்கள் தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள். அரபா குரலைத் தாழ்த்துவாள். தாழ்த்தத் தாழ்த்த விலையும் தாழும்.

அன்று காலை அவள் ஓடினாள். தலைத்துணி அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை எடுத்துக் கட்டக்கூட நிற்கவில்லை.

கரை முழுக்கப் படகுகள் உருளைக் கட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. வலைகள் மணலில் விரிந்து கிடந்தன. தென்னை மரத்தடியில் ஆண்கள் காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சு, வழக்கு, வலை தைப்பது, போன வாரச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்பது, எல்லாவற்றுக்கும் இங்கே செவ்வாய்க்கிழமைதான். கடல் ஓய்வெடுக்கும் நாளில் மனிதர்களுக்கு ஓய்வே கிடையாது.

துறைமுகத்துக்கு யாரோ போன் போட்டுக் கொடுத்தார்கள். ரோந்துப் படகு கிழக்கே போயிருக்கிறதாம், நாளைக்கு அனுப்புகிறார்களாம்.

"நாளைக்கா? தண்ணி பலகைக்குள்ள வந்துக்கிட்டிருக்கு. அதுகிட்ட நாளைக்கு வான்னு சொல்லட்டுமா?" என்றாள் அரபா. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

கரைத் தலைவர் நானா அமிசா கீற்றுக் கொட்டகையில் தன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வலை வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானாவோடு யாரும் நேராகப் பேசக் கூடாது. பக்கத்தில் கோலோடு நிற்கும் பேச்சாளர் பன்யினிடம் சொல்ல வேண்டும். பன்யின் அதை நானாவிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. நானாவுக்குக் காதும் நன்றாகவே கேட்கும்.

"பன்யின் ஐயா, நானாகிட்ட சொல்லுங்க. என் புருஷன் கடல்ல மூழ்கிக்கிட்டிருக்கார். ஒரே ஒரு படகு இறங்கணும்."

பன்யின் சொன்னார். நானா தலையை அசைத்தார்.

"செவ்வாய்க்கிழமைம்மா" என்றார் பன்யின்.

"வலை இல்லாம."

"செவ்வாய்க்கிழமை."

"வலை இல்லாம, தூண்டில் இல்லாம, கத்திகூட இல்லாம. மீன் எதிர்ல வந்து வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

காய் நகர்த்தியவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நானா சிரிக்கவில்லை.

"வலையைப் பத்தின பேச்சே இல்ல" என்றார் பன்யின். "மரம் தண்ணியைத் தொடக் கூடாது. போன தலைவர் காலத்துல ஒருத்தன் தொட்டான். அந்தப் பருவம் முழுக்க இந்தக் கரையில ஒரு கூடை மீன் ஏறல. ஊரே வேற கரைக்குப் பிழைக்கப் போச்சு. உனக்குத் தெரியாததா?"

"அப்ப நானே நீந்திப் போறேன்."

"மனுஷி நீந்தத் தடையில்ல."

இதற்கு மேல் இறங்க விலையில்லை. அரபா மணலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் பேரத்தின் நடுவே அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காய் ஆட்டம் நின்றது.

நானா கடலைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல், தொண்டையைச் செருமினார். பன்யின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். பன்யினின் முகம் மாறியது.

"நானா பழசை ஒண்ணு ஞாபகப்படுத்தறார். கடல்ல கிடக்கிற உடலைக் கொண்டுவர மட்டும் செவ்வாய்க்கிழமையும் படகு இறங்கலாம். கடல் தன் நாள்ல பிணத்தோட படுக்க விரும்பாது. பொண்டாட்டி சிவப்புக் கட்டி, கடலைப் பார்த்து ஒப்பாரி வைக்கணும். செத்தவனோட தாய்வீடு 'உடல் எங்களுது'ன்னு ஏத்துக்கணும். அந்த வீட்டு ஆண் ஒருத்தன் படகுல போகணும். ஒரு சாவுக்கு ஒரு படகு. போய்த் திரும்பிக் கரையில ஏறிட்டா முடிஞ்சது."

பெரிய விலையை எந்த வியாபாரியும் வாயால் சொல்வதில்லை. கண்ணால் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வான். நானா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரபாவுக்குப் புரிந்தது. உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று அழ வேண்டும்.

"விடியக்காலையில போன் பேசினவன் எப்படிம்மா செத்தவன்னு நாளைக்கு எவனாவது கேட்பான்" என்றார் பன்யின் மெதுவாக. இது நானா சொன்னதில்லை, அவரே சொன்னது.

"அதுக்கப்புறம் போன் செத்துடுச்சே ஐயா. இந்த ஊர்ல போன் எடுக்காதவனை யார் உயிரோட இருக்கான்னு சொல்றாங்க?"

"யோசிச்சுக்கோ. செத்தவன்னு சொன்னா செத்தவன்தான். உயிரோட வந்தாலும் ஆடு வெட்டி அந்த ரத்தத்துல கால் கழுவற வரைக்கும் அவன் பிணம். அவன் கூப்பிட்டா நீயும் பதில் பேசக் கூடாது, ஊரும் பேசக் கூடாது. அவன் படகு…"

பன்யின் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. இங்கே அப்பன் சொத்து பிள்ளைகளுக்குப் போவதில்லை, அக்காள் மகனுக்குப் போகும். அரபா வாயைத் திறந்து அழுத அந்த நிமிஷமே 'பொறுமை' என்று மஞ்சள் எழுத்தில் பெயர் தாங்கிய அந்தப் படகு ஜோஜோவுக்கு. அரபாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சிவப்புத் துணி.

"சிவப்புத் துணி எங்கிட்ட இருக்கு" என்று அவள் எழுந்தாள்.

ஃபீஃபியின் அக்காள் எக்குவா கொல்லையில் மீன் புகைபோட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வந்த மீனைச் செவ்வாய்க்கிழமை புகைபோட வேண்டும். புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அழுகிறாளா இல்லையா என்று அவள் பெற்ற பிள்ளைக்கே தெரியாது.

"அண்ணி, ஒரு வார்த்தை."

"நீ எப்பவாவது ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கியாடி? தம்பி வந்தானா?"

அரபா சொன்னாள். போனில் வந்தது, நானா சொன்னது, சொல்லாமல் சொன்னது. எக்குவா கம்பித் தட்டைத் திருப்பிப் போட்டாள். ஒரு மீன் தவறி நெருப்பில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"மாட்டேன்."

"அண்ணி…"

"நீ யாருடி? அரபா. எதனால அரபா? செவ்வாய்க்கிழமை பிறந்ததால. இன்னைக்கு உன் கிழமை. தன் கிழமையில ஒருத்தி வைக்கிற ஒப்பாரியைத் திருப்பி வாங்க முடியாதுடி. கடல் அதைக் காதுல வாங்கிடும். உயிரோட இருக்கிற என் தம்பியை நீ அழுதே கொன்னுடுவே. வேற எவளாவது அழட்டும்."

"வேற எவளும் அவருக்குப் பொண்டாட்டி இல்ல. எனக்குத் தெரிஞ்சு."

"இந்த நேரத்திலும் உனக்கு வாய்."

"வாய்தான் அண்ணி இருக்கு. வேற எதுவும் இல்ல எங்கிட்ட." அரபா குரலைத் தாழ்த்தினாள். "படகு உங்களுக்குத்தான். ஊர்ச் சட்டமே அதைக் கொடுக்குது. வலையையும் எடுத்துக்குங்க. அவர் திரும்பி வந்தாலும் நான் கேக்க மாட்டேன்."

எக்குவா அடுத்த தட்டைத் திருப்பிப் போட்டாள்.

"என் ரெண்டு அடுப்பையும் தரேன். கூடை, தராசு எல்லாம். கரையில நான் நிக்கிற இடத்தையும் விட்டுத் தரேன். நீங்க நின்னு விலை சொல்லுங்க."

பேசாமல் இருப்பவர் விலையை இன்னும் ஏற்றுகிறார் என்றுதான் அரபாவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறாள். இன்னும் என்ன இருக்கிறது என்று மனசுக்குள் வீட்டைத் துழாவினாள். காதைத் தொட்டாள். தோடு இருந்தது. கழற்ற ஆரம்பித்தாள்.

எக்குவாவின் கை வந்து அவள் கையைத் தட்டிவிட்டது. தோடு சாம்பலில் விழுந்தது.

"யாரைடி விலை பேசறே? நானும் அவனும் ஒரே வயித்துல பிறந்தவங்க. அவன் நடக்கப் பழகினது என் முதுகுலேர்ந்து இறங்கி." அவள் குரல் உடைந்தது. "ஊரே சொல்லுது, எக்குவா படகுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்னு. அவனே நேத்துக் கரையில நின்னு சொல்லிட்டுப் போனான். இப்ப நான் 'உடல் எங்களுது'ன்னு சொன்னா என்ன ஆகும்? பார்த்தீங்களா, மூழ்கறதுக்கு முன்னாடியே கை நீட்டறாள்னு ஆகும். சொல்லலைன்னா தம்பியைச் சாக விட்டவள்னு ஆகும். நான் எந்தப் பக்கம் நிக்கிறது, சொல்லு. நீதான் கெட்டிக்காரியாச்சே, விலை சொல்லு!"



"அம்மா, சொல்லிடு."

கொல்லை வாசலில் ஜோஜோ நின்றிருந்தான். தோளில் படகுக்கு மாட்டும் வெளி எஞ்சின். இடுப்பில் கத்தி. எவ்வளவு நேரமாக நின்றானோ, எஞ்சினின் பாரத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நீ போறியா? நீ கண்டுபிடிக்காம வந்தா ஊரு என்ன சொல்லும் தெரியுமா?"

"நான் போகலைன்னாலும் அதையேதான் சொல்லும். வேற ஆண் நம்ம வீட்டுல யாரு இருக்கா? மாமாவும் நானும்தான்."

அரபா அவனைப் பார்த்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடும் கண் அது. அந்தக் கண்ணுக்கு இந்த முகத்தில் எதுவும் பிடிபடவில்லை. கடலில் ஃபீஃபி கிடைத்தால் இவனுக்கு ஒன்றுமில்லை. கிடைக்காவிட்டால் இவனுக்குப் படகு. இவனைத்தான் அனுப்ப வேண்டும். இவனைத் தவிர யாரையும் அனுப்ப முடியாது.

"ஜோஜோ, நேரா கேக்கறேன். உனக்குப் படகு வேணுமா?"

"வேணும் அத்தை." அவன் கண் தாழவில்லை. "மாமாவே ஓட்டிட்டு வந்து கொடுத்தா வேணும்."

எக்குவா சாம்பலைக் கிளறித் தோட்டை எடுத்தாள். முந்தானையில் துடைத்து அரபாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள்.

ஊர் கூடிவிட்டது. நானா தன் சொந்தப் படகையே கொடுத்தார். அதன் வலையை இறக்கி எல்லோரும் பார்க்க மணலில் விரித்தார்கள். முனையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானா ஜின் பாட்டிலைத் திறந்து அலை விளிம்பில் ஊற்றி, ஓய்வில் இருப்பவரை எழுப்புவதற்கு மன்னிப்புக் கேட்டார்.

அரபா சிவப்புத் துணியை இடுப்பிலும் தலையிலும் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

அலை வந்தது, போனது. யாரோ இருமினார்கள். "கடலுக்குக் கேக்கணும்மா" என்றார் பன்யின். அவள் மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஊரின் விலையைச் சொல்லும் தொண்டை, ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன் என்றது.

"அழுடி!" பின்னாலிருந்து எக்குவாவின் குரல். "தண்ணி ஏறிக்கிட்டிருக்கு அங்க. அழு!"

அரபா அழுதாள்.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள வரேன்னீங்களே… எந்த வீட்டு விளக்குன்னு சொல்லாம போனீங்களே… நண்டுக்குப் பாய் விரிச்சுப் படுத்துட்டீங்களே…"

எங்கிருந்து வந்தது அது? அவள் யோசித்து வைத்ததில்லை. ஒன்று வர, பின்னாலேயே இன்னொன்று வந்தது. அவன் குறட்டை வந்தது. மிளகாய் அதிகம் என்று கென்கி என்ற மக்காச்சோள உருண்டையைத் தள்ளிவிட்டுப் பிறகு வழித்துத் தின்பது வந்தது. முதல் பேரத்தில் அவளைத் தோற்கடித்துவிட்டுப் பல்லைக் காட்டியது வந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. பொய்யாக ஆரம்பித்த அழுகை பாதி வழியில் அவள் கையை விட்டுவிட்டது. தன் கிழமையில் தானே அவனைக் கொல்கிறோம் என்ற பயத்தில் இன்னும் உரக்க அழுதாள்.

"உடல் எங்களுது" என்றாள் எக்குவா. மீன் முள்ளை விழுங்கியவள் போல அதைச் சொன்னாள்.

ஆண்கள் படகின் விளிம்பைப் பிடித்தார்கள். கட்டைகள் உருண்டன. ஜோஜோவும் துணைக்கு இரண்டு பேருமாக, செவ்வாய்க்கிழமைக் கடலில் ஒரு படகு இறங்கியது. ஜோஜோ திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தார்கள். வந்துதான் ஆக வேண்டும், அழுதாகிவிட்டதே. அரபா பாயில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் புருஷனுக்குத் துக்கம் வாங்கிக்கொண்டாள்.

"போனவர் ரொம்ப நல்லவர்" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

"போன வாரம் அவரைத் தராசுத் திருடன்னே."

"செத்தவங்களைப் பத்தி அப்படிச் சொல்லலாமா?"

"சாகலை."

"ஐயோ, அதை உரக்கச் சொல்லாதே! படகு தண்ணியில இருக்கு."

அரபா வாயை மூடிக்கொண்டாள். எக்குவா எதிர்ப் பாயில் உட்கார்ந்திருந்தாள். இருவர் கண்ணும் கடலில்தான் இருந்தன. யாரோ கொண்டுவந்து வைத்த கென்கியின் இலையைக்கூட அவர்கள் பிரிக்கவில்லை.

"பெட்ரோல் போதுமா போட்டானா?" என்றாள் எக்குவா ஒரு தடவை.

"ரெண்டு கேன்."

"ரெண்டு கேன் கோட்டையைத் தாண்டிப் போய் வரக் காணாது."

 அரபாவும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது தென்னையின் மேல் உட்கார்ந்திருந்தவன் கத்தினான். வெள்ளைத் துணி!

எல்லோரும் ஓடினார்கள். படகு வெறும் துடுப்பில் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. பின்னால் 'பொறுமை' இல்லை, கட்டி இழுத்துவரும் கயிறும் இல்லை. முதலில் அரபாவுக்குத் துணி மட்டுமே தெரிந்தது. பிறகு ஆட்கள். பிறகு பின்முனையில் நின்று துடுப்புப் போட்ட ஒருவனின் தோள். அந்தத் தோளை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பாள்.

"அரபா!"

அவன்தான். அவன் குரல்தான்.

அவள் வாய் திறந்தது. பன்யினின் கோல் காற்றில் உயர்ந்தது. பிணம் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது. அவள் துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"அரபா! அரபா!"

வாய் கூடாது என்றார்களே தவிர, கை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பேரத்திலும் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அவள் நுழைவாள். இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து, படகின் முன்கயிற்றைப் பிடித்து, தோளில் போட்டு இழுத்தாள். அதைப் பார்த்த ஊர் முழுக்கக் கயிற்றில் விழுந்தது. ஃபீஃபி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். இவர்களும் சந்தோஷத்தில் கையை ஆட்டினார்கள். மேளம் அடித்தார்கள், அவன் கத்தியது அதில் அமுங்கிப்போனது. இழுத்தார்கள். படகின் அடிமரம் மணலில் கரகரவென்று ஏறி நின்றது.

ஃபீஃபி குதித்து ஓடிவந்தான். அரபாவைத் தாண்டி, கயிற்றைப் பிடித்திருந்த கைகளை அடித்து விலக்கினான்.

"ஏன்டா ஏத்தினீங்க? ஏத்தாதீங்கன்னுதானே கையைக் காட்டினேன்! பெட்ரோலை மட்டும் தண்ணியிலேயே கொண்டு வந்து கொடுத்திருந்தா நான் அப்படியே திரும்பியிருப்பேனே!"

மேளம் நின்றது.

படகுக்குள் ஃபீஃபியோடு கூலிக்குப் போன அந்த இரண்டு ஆட்களும் ஈரச் சாக்கு போலக் கிடந்தார்கள். ஜோஜோவோடு போன இருவர் துடுப்பில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

எக்குவா படகை ஒருமுறை சுற்றி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஜோஜோ எங்கே?"

ஃபீஃபி வாயைத் திறந்தான். அவனுக்குப் பதில் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை, ஆனால் எல்லோரும் கேட்டார்கள்.

"எங்களை ஏத்திக்கிட்டப்ப 'பொறுமை' முழுகுச்சு. அதோட வலை வந்து இந்த எஞ்சின் காத்தாடியில சுத்திக்கிச்சு. காலியான மஞ்சள் பெட்ரோல் கேன் ஒண்ணை இடுப்புல கட்டிக்கிட்டுக் கத்தியோட இறங்கினான். அறுத்துட்டான். எஞ்சின் ஓடுச்சு. ஆனா நீரோட்டம் அவனை இழுத்துடுச்சு அக்கா. சுத்திச் சுத்தி வந்தோம். கொஞ்ச நேரம் மஞ்சளா தெரிஞ்சுது. அப்புறம் மூட்டம் போட்டு மறைச்சுடுச்சு. பெட்ரோல் தீர்ந்துபோச்சு. துடுப்புல அவன் பின்னாடி போனா எல்லாரும் போயிருப்போம்." அவன் மூச்சு வாங்கினான். "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். ஏறட்டும், சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

பிறகு படகின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினான். தனி ஆளாகத் தள்ளினான். மரம் அசையவில்லை. "யாராவது வாங்களேன்டா! அந்தக் கேன் மிதக்கும். அவன் அதைப் பிடிச்சுக்கிட்டிருப்பான். வாங்க!"

பன்யினின் கோல் அவன் மார்புக்குக் குறுக்கே வந்தது. "செத்தவன் படகைத் தொடக் கூடாது." அதைக் கிழவர் அவனிடம் சொல்லவில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டம் நானாவைப் பார்த்தது. நானா ஸ்டூலிலிருந்து எழுந்தார். பன்யினிடம் சாயவில்லை. அவர் நேராகப் பேசி யாரும் கேட்டதில்லை, அன்று பேசினார்.

"ஒரு சாவுக்கு ஒரு படகு அரபா. கரையில ஏறிடுச்சு."

கயிறு இன்னும் அரபாவின் தோளில்தான் இருந்தது.

எக்குவா அவளிடம் வந்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கை எழவில்லை. குரல்கூட எழவில்லை.

"நீ அழுதது பலிச்சுடுச்சு. ஆள்தான் மாறிப்போச்சு."

அரபா கயிற்றைக் கீழே போட்டாள். தலையிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்தாள். உப்பும் கண்ணீரும் ஊறி அது கனத்திருந்தது. பிழிந்து, உதறி, இரண்டு கையாலும் நாத்தனாரிடம் நீட்டினாள்.

"கட்டிக்குங்க அண்ணி."

"தூ! என் பிள்ளையை நானே செத்தவன்னு அழறதா?"

"பொண்டாட்டி இல்லாதவனுக்குத் தாய் அழுதாப் போதும். பொண்டாட்டி அழுகை, 'உடல் எங்களுது'ன்னு ஏத்துக்கறது, ரெண்டு கடனும் அதுலயே தீர்ந்துடும். இல்லையா பன்யின் ஐயா?"

பன்யின் ஆமென்று தலையை அசைத்தார்.

"கேளுங்க அண்ணி. நான் அரபா. இன்னைக்கு என் கிழமை, என் அழுகையைக் கடல் வாங்கிக்கிச்சு. நீங்க எக்குவா. புதன்கிழமை பிறந்தவங்க. செவ்வாய்க்கிழமை நீங்க என்ன அழுதாலும் கடலுக்கு அது வெறும் சத்தம். இறங்கற படகுக்கு மட்டும்தான் அது செல்லும். அழுங்க."

எக்குவாவின் சிவந்த கண்கள் அவளையே பார்த்தன. "இது உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

பின்னால் யாரோ ஓடிப்போய்ப் பெட்ரோல் கேன்களைத் தூக்கிவந்து படகுக்குள் வைத்தார்கள். யாரும் ஏவவில்லை. நானாவும் தடுக்கவில்லை. இன்னொருவர் ஆட்டை இழுத்துவந்து வெட்ட, ஃபீஃபி அந்த ரத்தத்தில் கால் கழுவி, அந்த வீட்டு ஆணாகப் படகருகே வந்து நின்றான். ஒருவர் பின் ஒருவராக ஆண்கள் வந்து படகின் இரு விளிம்பிலும் கை வைத்து நின்றார்கள். அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். அது இல்லாமல் மரம் ஒரு விரல்கூட நகராது. மேற்கே சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு மஞ்சளும் கறுப்புதான்.

எக்குவா துணியை வாங்கினாள். தலையில் கட்டிக்கொண்டாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அரபா பின்னால் வந்து கட்டிவிட்டாள்.

எக்குவா கடலைப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.